காட்டோரத்தில் ஒரு தியானக் குடில்

(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலையடிவாரத்தில் நம் அறவாரியத்துக்குக் கிடைத்திருக்கும் நிலத்தில் அமையப்போகும் தியானக் குடிலைப் பற்றிப் பேசும்படி தலைவர் அவர்கள் பணித்தார்கள். அடியேன் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டுமான வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். தியானத்தின் பெருமையைச் சொல்ல இந்த அவையில் தகுதியுடையோர் பலர் இருக்கிறார்கள். உட்காருபவருக்கு மேலே கூரை ஒழுகக் கூடாது, கீழே மண் நகரக் கூடாது. என் பேச்சு அவ்வளவுதான்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் பின்னால் நாற்காலிகளும் அன்னதானப் பாத்திரங்களும் அடுக்கி வைத்திருக்கும் அறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது தியான அறையாகக் கட்டப்பட்டது. கட்டியவன் நான். சிமெண்டுக் கல் சுவர், தகரக் கூரை, பெரிய கண்ணாடிச் சன்னல். திறப்பு விழாவன்று எல்லோரும் பாராட்டினார்கள். மறுவாரம் பகல் பதினொரு மணிக்கு ஒரு பாட்டி உள்ளே போய் உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “தம்பி, நான் சாமியை நினைக்க வந்தேனா, இட்டிலிப் பானைக்குள்ளே உட்கார வந்தேனா?” என்று கேட்டார். மாலையில் மழை பிடித்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் ஓதும் மந்திரம்கூடக் காதில் விழாது. குளிர்சாதனம் பொருத்திப் பார்த்தோம். மின்கட்டணம் ஏறியது, ஆள் வரவில்லை. அது உங்கள் காணிக்கைப் பணம். அந்த உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

தோட்டத்து லயத்தில், தகரக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சூடு தெரியாதா? தெரியும். ஆனால் கல் கட்டடம்தான் மரியாதை என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஊறியிருக்கிறது. பக்கத்துக் கம்பத்திலே மலாய்க்காரர் வீடுகள் தூண்மேல் நிற்கும். அடியில் காற்றுப் போகும், சுவரில் இடுக்கு இருக்கும், மேலே அத்தாப்புக் கூரை. நண்பகலிலும் உள்ளே குளுமை. தினம் பார்த்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

பெரியோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். காந்தியடிகள் சேவாகிராமத்தில் வாழ்ந்த குடில் மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்டது. அதுவும் மீராபென் அம்மையார் தமக்கென்று கட்டியது. திருவண்ணாமலையில் பகவான் ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காது. ஆகவே மாமரக் குகைக்கு மாறுவார். பிறகு 1922 வரை இருந்த கந்தாசிரமத்தின் அருகில் ஊற்று இருந்தது. ஞானிக்கே தண்ணீர் பார்த்துத்தான் இடம் அமைந்தது.

நம் நிலத்திலும் ஓர் ஓடை உண்டு. வந்த சிக்கலும் அந்த ஓடையால்தான். இடம் பார்க்கப் போன அன்று, முழுச் செலவையும் ஏற்க முன்வந்த அன்பர் ஓடைக்கரைச் சரிவில் நின்று, “ஐயா, இங்கேதான் கட்டவேண்டும். என் அம்மா நினைவாகச் செய்கிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவேண்டும்” என்றார். நான் மரங்களைப் பார்த்தேன். அடித்தண்டுகள் சரிவின் பக்கம் சாய்ந்து, பிறகு மேல்நோக்கி வளைந்திருந்தன. மண் மெல்ல மெல்ல நகர்வதற்கு அது ஓர் அறிகுறி. “இங்கே வேண்டாம் ஐயா” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “கொடுக்க வருகிறவரை இப்படியா மறுப்பது?” என்று குழுவில் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள்.

1993 டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. 1996-இல் போஸ் டிப்பாங்கில் சேற்று வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் கூடாரம் அடித்துத் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களும் இயற்கையின் மடியில் இரண்டு நாள் அமைதியாக இருக்கப் போனவர்கள்தாம். நம் குடிலுக்கு வருபவர் கண்ணை மூடி உட்காரப் போகிறவர். அவருக்காகக் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டியது நம் கடமை அல்லவா?

மூன்று வாரம் அந்த அன்பரிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் என்னை அழைத்துக்கொண்டு போனார். ஓடையிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி, பழைய பால்மரக் காட்டில் சமதரை இருக்கிறது. அங்கே பாய் விரித்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொசுக்கடி. வெகுநேரம் கழித்து, “கேட்கிறது ஐயா” என்றார். பளிங்குத் தரை வேண்டும் என்பதையும் அவரே விட்டுவிட்டார்.

இனிக் குடிலுக்கு வருவோம். உள்ளளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி, நால்வர் உட்காரலாம். தரை மண்ணிலிருந்து மூன்றடி உயரத்தில், சிமெண்டுக் கட்டைமேல் நிற்கும் மரத்தூண்களில் அமையும். கட்டைக்கும் தூணுக்கும் இடையே கறையான் ஏறாதபடி தகட்டுத் தொப்பி. நம் நாட்டில் காலை வெயிலும் மாலை வெயிலும்தான் சுவரைச் சுடும். ஆகவே கிழக்கும் மேற்கும் குறுகிய சுவர்கள். சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். சுவருக்கு முற்றிய மூங்கில், வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தது. இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். கூரை அத்தாப்பு, சுற்றிலும் மூன்றடி இறவாரம். அத்தாப்பின் கீழே கற்பூரமும் எண்ணெய் விளக்கும் கூடாது. தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். விளக்குக்கு வெளியே தனிக் கல்மேடை உண்டு. உள்ளே சூரிய ஒளியில் மின்னேற்றும் சிறு விளக்கு.

தண்ணீருக்கு மழையே போதும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நம் கூரை இறவாரத்தோடு ஏறத்தாழ 27 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழையில் 260 லிட்டருக்கு மேல் கிடைக்கும். கால் கழுவவும் செடிக்கும் அது தாராளம். குடிக்க அல்ல, குடிநீர் கையோடு கொண்டு வரவேண்டும். தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம். ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த நீர்தான் பிடிக்கும். பொறியாளர் மண்ணைச் சோதித்துக் கையெழுத்திட்டு, ஊராட்சி மன்ற அனுமதியும் வந்த பிறகே முதல் குழி தோண்டுவோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அத்தாப்பு நான்கைந்து ஆண்டுதான் தாங்கும், பிறகு மாற்றவேண்டும். திறப்பு விழாவுக்கு நன்கொடை தரப் பலர் வருவார்கள். ஐந்தாம் ஆண்டு கூரை மாற்ற யாரும் வரமாட்டார்கள். அதற்குக் கல்வெட்டும் இல்லை, மாலையும் இல்லை. ஆகவே வரும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் இருபது வெள்ளியைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைக்கும்படி குழுவைக் கேட்டிருக்கிறேன். அம்மா நினைவாகக் கொடுக்கும் அன்பர்தான் முதலில் ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் இசைவைத் தெரிவித்தால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் ஆகிவிடும்.

பழைய அறையை என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். நாற்காலிகளுக்கு அது மிக நல்ல இடம்; அப்படியே இருக்கட்டும்.