பாளையக்காரர் சீமைக்கு ஒரு பயணத் திட்டம்



விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழும். உதகமண்டலம் என்பார் ஒருவர். கொடைக்கானல் என்பார் மற்றொருவர். குளிர்ந்த மலைகளைக் காண விரும்புவதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், நம் வாயிற்படியிலிருந்தே தொடங்கும் ஒரு பயணமும் உண்டு. வெயில் காயும் கரிசல் நிலம், உடைமரக் காடு, தனித்து நிற்கும் பாறைக் குன்று, எல்லாவற்றுக்கும் மேற்கே நீலச் சுவர்போல் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஆகிய இவற்றினூடே செல்லும் பயணம் அது. ஒருகாலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட சீமை அது. அங்கே செல்லும் பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பது பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதைச் சொல்லும் தகுதி, நான் ஒருமுறை தவறாகத் திட்டமிட்டதனால் எனக்குக் கிடைத்தது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஒரே நாளில் எட்டு இடங்கள்! ஒவ்வோர் இடத்துக்கும் இத்தனை நிமிடம் என்று தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். பாஞ்சாலங்குறிச்சியில் இறங்கினோம். 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை மாணவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். அப்போது ஒரு சிறுவன் என்னிடம் வந்து, “சார், இது புதிதாகக் கட்டியதுதானே? பழைய கோட்டை எங்கே?” என்று கேட்டான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “நேரம் ஆகிவிட்டது, வண்டியில் ஏறு” என்றேன். அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்விக்கு நான் சொன்ன விடை அது. மறுநாள் வகுப்பில், பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்றேன். பெரும்பாலோர் பேருந்தில் பாடிய பாட்டைப் பற்றியே எழுதியிருந்தனர். குற்றம் அவர்களுடையது அன்று.

அதன் பிறகு திட்டத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு நாள் மூன்று நாளாயிற்று. இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கேள்விகளைக் கூட்டினேன். எந்த ஊரில் இறங்கினாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இங்கே மண் எத்தகையது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பகைவன் வந்தால் இவ்வூரார் எதை அரணாகக் கொண்டார்கள்? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். வரலாற்றுப் புத்தகம் தானே பேசத் தொடங்கும்.

பயணத்தை இருக்கன்குடியில் தொடங்குவோம். சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் வெள்ளமாய்த் திரள்வார்கள். மக்களைக் காண வேண்டுமானால் அப்போது வாருங்கள். நிலத்தைக் காண வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. ஐப்பசி மழையில் முளைத்த பயிர் அப்போது வளர்ந்து நிற்கும், வானம் தெளிந்திருக்கும். காலையில் ஆற்றில் இறங்கி, ஒரு பிடி மணலை எடுத்துப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆற்றுக்கு இத்தனை மணல் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். விடை மூன்றாம் நாள் கிடைக்கும்.

முதல் நாள் தெற்கே எட்டயபுரம். பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும், இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் இங்கேதான். இதே எட்டயபுரப் பாளையம் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியின் பக்கம் நின்றது. புலவரைப் போற்றிய ஊரும் அதுவே; அண்டைப் பாளையத்தின் வீழ்ச்சிக்குத் துணைநின்ற ஊரும் அதுவே. ஓர் ஊரை ஒரே சொல்லால் புகழ்வதும் பழிப்பதும் எளிது. இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பதே கல்வி.

அங்கிருந்து, வ. உ. சிதம்பரனார் பிறந்த ஒட்டப்பிடாரத்தின் வழியே பாஞ்சாலங்குறிச்சி. இங்கே அரை நாளேனும் தங்குங்கள். நினைவுக் கோட்டையைக் கண்டபின், அருகிலுள்ள பழைய கோட்டையின் அடித்தளங்களிடையே நடங்கள். சுற்றிலும் சமநிலம். மலை இல்லை, பேராறு இல்லை, பாறை இல்லை. பிறகு எதை நம்பி இங்கே கோட்டை கட்டினார்கள்? மண்ணை நம்பித்தான். பீரங்கிக் குண்டு கல்லை உடைத்துச் சிதறடிக்கும். தடித்த மண் சுவரோ குண்டைத் தன்னுள் விழுங்கிக்கொள்ளும். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் தாக்கியபோது, அந்த முதல் தாக்குதல் பெரும் இழப்போடு முறிந்தது. பின்னர்க் கட்டபொம்மன் கோட்டையை விட்டு நீங்கிப் பிடிபட்டார்; அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மக்கள் திரண்டார்கள், இடிந்த கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. கல் கோட்டையாயின் ஆண்டுகள் பல ஆகியிருக்கும். மண் கோட்டையாதலின் உழவர் கைகளே போதுமானவையாயின. மார்ச்சு மாத இறுதியில் வந்த படையை அது திருப்பி அனுப்பியது. மே மாதம் 24ஆம் நாள், மேலும் பெரிய படையும் பீரங்கிகளும் வந்த பின்னரே வீழ்ந்தது. அம்முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதி வைத்திருக்கிறார். நம் வரலாற்றை எதிரியின் எழுத்திலும் தேடிப் படிக்க வேண்டும் என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

மாலையில் கயத்தாற்றைக் கண்டு, நெடுஞ்சாலை வழியே கோவில்பட்டிக்கு வாருங்கள். இடையே இடைசெவல் என்ற சிற்றூர் வரும். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு பெரும் எழுத்தாளர்களைப் பெற்ற ஊர். கரிசல் நிலம் பருத்தியும் கம்பும் மட்டுமே விளைவிப்பது என்று எண்ணுபவர்கள் அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம். இரவு கோவில்பட்டியில் தங்கல்.

இரண்டாம் நாள் விடியலில் கழுகுமலை. பாறை சூடேறுமுன் ஏறிவிட வேண்டும். குன்றின் சரிவை வெட்டி, மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. ஒரே பாறை, பணியோ முற்றுப்பெறவில்லை. சிகரம் நிறைவாக இருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக நின்றுவிட்டது. முடிந்த சிற்பம் கலையைக் காட்டும். முடியாத சிற்பமோ தொழில் நடந்த முறையையே காட்டும். சற்றுத் தள்ளிச் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் உண்டு. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வறண்ட குன்றின்மேல் பெண்கள் ஆசிரியராக விளங்கினார்கள் என்பதை, நம் மாணவியர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று கவனியுங்கள்: அந்தப் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைப்பது, யாரும் தம் பெயரை அவற்றின்மேல் கிறுக்காத வரையில்தான்.

பின்பு சங்கரன்கோவில் வழியாக நெற்கட்டும்செவல். மேற்குமலை இப்போது நெருங்கி வந்திருக்கும். நிலத்தின் நிறமும் மாறியிருக்கும். பூலித்தேவர் ஆண்ட இடம் இது. கட்டபொம்மன் காலத்துக்கு 44 ஆண்டு முன்னரே, 1755இல் கர்னல் ஹெரான் நடத்தி வந்த படை இக்கோட்டையை வீழ்த்த இயலாமல் திரும்பியது. 1761இல் யூசுப்கானே இப்பகுதிக் கோட்டைகளைக் கைப்பற்றினார். கம்பெனிக்காகப் போரிட்ட அதே யூசுப்கான் பின்பு கம்பெனியோடும் நவாபோடும் பகைத்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கிழக்கே மண் அரணாயிற்று. இங்கே காடும் மலையும் அரணாயின. மூன்றாவது கேள்வியின் விடை, ஐம்பது கல் தொலைவுக்குள் எப்படி மாறுகிறது பாருங்கள்! அன்றிரவு இராசபாளையத்தில் தங்குங்கள்.

மூன்றாம் நாள் திருவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 192 அடி உயரமுள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின், அதன் பின்னேயுள்ள மலைகளையும் பாருங்கள். அங்கே சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இல் அமைந்தது. 2021 முதல் அது திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்லலாகாது. வைப்பாற்றுக்கு நீர் கொடுப்பது இந்த மேற்கு மலைகளே. நீங்கள் இருக்கன்குடியில் கையில் எடுத்த மணல், இம்மலைப் பாறைகள் மழையில் கரைந்து, உருண்டு, பொடியாகி வந்ததே.

திரும்பும் வழியில் சிவகாசி. ஷண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் 1923இல் இங்கே தொடங்கிற்று. மழை குறைந்த வானம் உழவனுக்குச் சாபம். மருந்தை உலர்த்துபவனுக்கோ துணை. ஆனால் பட்டாசு ஆலைகளை வேடிக்கை பார்க்க நுழையாதீர்கள். அங்கே நேரும் விபத்துகளில் உயிரிழப்போர் பற்றிய செய்தியை ஆண்டுதோறும் கேட்டு வருந்துகிறோம். ஒருகாலத்தில் எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் காலியாகக் கிடந்த இடங்களுக்கு உரியவர்கள் தீப்பெட்டி ஆபீசில் இருந்தார்கள். நீங்கள் கொளுத்தும் மத்தாப்பின் பின்னே சில கைகள் உண்டு என்று எண்ணியவாறே அந்த ஊரைக் கடந்து செல்லுங்கள்.

கடைசியாக வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை. 2022இல் தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகளும் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. சங்கு கடலில் விளைவது. கடலுக்கும் கரிசலுக்கும் இடையே பண்டமும் மனிதரும் போய்வந்ததை அந்த வளையல்கள் சொல்கின்றன. பிறகு சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு இருக்கன்குடிக்குத் திரும்பலாம்.

மூன்று நாளும் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் இது. குடிநீரும் தொப்பியும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். நண்பகல் இரண்டு மணி நேரம் நிழலில் இருங்கள். மழை பெய்திருந்தால் கரிசல் மண்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். சக்கரத்தைப் பற்றினால் அம்மண் எளிதில் விடாது. மாவட்ட வரைபடம் ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். இவை எல்லாவற்றையும்விட, திட்டத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வையுங்கள். கேள்வி எப்போது பிறக்கும் என்று எந்தத் தாளிலும் முன்கூட்டி எழுத முடியாது.

அன்று என்னிடம் கேட்ட சிறுவன் இன்று எங்கே இருக்கிறானோ! இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், தாமதமாகவேனும் என் விடையை அவன் ஏற்றுக்கொள்ளட்டும். தம்பி, பழைய கோட்டை உன் காலடியில்தான் இருந்தது. அந்த மண்ணிலிருந்து எழுந்தது. அந்த மண்ணோடே கலந்துவிட்டது. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்க உனக்கு நான் நேரம் கொடுத்திருக்க வேண்டும்.