இரண்டு சவரன் குண்டு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சமையலில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றதும் என் பாட்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "ஏண்டா, உயிரை எடுக்கிற வேலையா?" என்று கேட்டாள். அதற்கு இன்று பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பாடம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது முழுசு: பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். எடையை சவரன் கணக்கில் சொல்கிறேன், நம் வீட்டுப் பெண்களுக்கும் புரியும். ஒரு சவரன் எட்டு கிராம்.

எங்கள் தொழிற்சாலையில் ராணுவத்துக்குச் செய்த இன்சாஸ் ரைபிளின் 5.56 மில்லிமீட்டர் குண்டு அரைச் சவரன். வினாடிக்கு சுமார் 900 மீட்டர் வேகம். நம் நாட்டில் லைசென்ஸ்காரர்களிடம் பழக்கமான .315 ரைபிளின் குண்டு ஏறக்குறைய இரண்டு சவரன். வேகம் 600 மீட்டர்தான். ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடை வைத்ததால் புழக்கத்துக்கு வந்த அளவு அது. கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் அந்த ரைபிளைச் செய்தார்கள். அமெரிக்க ராணுவம் 1906-ல் கொண்டுவந்த .30-06-ல், வேட்டைக்குப் பெயர் போன குண்டு ஒன்றரைச் சவரன்; வேகம் 800-க்கு மேல். ஜிம் கார்பெட் 1926-ல் ருத்ரபிரயாகை சிறுத்தையைச் சுட்ட .275 ரிக்பியின் குண்டு ஒரு சவரனைக் கொஞ்சம் தாண்டும். நம் சேலம் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் குண்டோ இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு.

இதில் எது உசத்தி? வெறும் சக்தியைப் பார்த்தால் .30-06 மற்ற இரண்டையும், அதாவது .315-ஐயும் .275-ஐயும், தாண்டிவிடும். முந்நூறு மீட்டருக்கு நேராகவும் போகும். ஆனால் நம் முட்புதர்க் காட்டில் மானோ பன்றியோ கண்ணில் படுவது ஐம்பது, நூறு மீட்டரில். அதற்கு .315 போதும். தோளில் பலமாக உதைக்கிற ரைபிள் என்றால் சுடுபவன் பயந்து விசையைச் சுண்டுவான், குறி தப்பும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் விழாத குண்டு எத்தனை சவரன் இருந்து என்ன பயன்?

இன்னொன்று, குண்டின் முனை. ராணுவக் குண்டு முழுக்கச் செம்புக் கவசம் போட்டது, உடலுக்குள் விரியாது. விரியும் குண்டு பெயர் பெற்றதே நம் நாட்டில்தான், கல்கத்தாவை அடுத்த டம்டமில். அது மிகக் கொடியது என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் போருக்குத் தடை செய்தார்கள். வேட்டையில் கணக்கு நேர் எதிர். ஈயம் வெளியே தெரியும் 'சாஃப்ட் நோஸ்' குண்டுதான் விலங்கைச் சட்டென்று சாய்க்கும். கவசக் குண்டு ஊசி போல ஊடுருவி மறுபக்கம் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய வருஷம், துறையூர் பக்கம், பச்சமலை அடிவாரத்தில், ஒரு நண்பனின் கடலைக் கொல்லைக்குப் போயிருந்தேன். அவன் மாமா ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டார். போட்டிருந்தது கவசக் குண்டு. பன்றி விழவில்லை, ஓடிவிட்டது. ராத்திரி முழுக்க ரத்தச் சுவடு தேடினோம். விடிந்த பிறகு ஓடைக்கரையில் கண்டுபிடித்தோம். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. மாமா சாப்பாட்டைத் தொடவில்லை. "தப்பான தோட்டா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இன்று விளையாட்டுக்கு வேட்டையாடும் பேச்சே இல்லை; இருக்கவும் கூடாது. ஆனால் கடலையும் மரவள்ளியும் போட்டவன் கண்ணீர் நிற்கவில்லை. சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அது பன்றியை மட்டுமா பார்க்கும்? 2020-ல் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த தீனியைக் கடித்த கர்ப்பிணி யானை, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று நம் மாநில அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த இடங்களில் வீடு இருக்கும், மாடு இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். பன்றியைத் துளைத்து வெளியேறும் கவசக் குண்டு அங்கே எங்கே போய் நிற்கும்? அதனால் யார் சுடுவது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் குண்டால், எவ்வளவு தூரத்திலிருந்து, பின்னால் மண்மேடு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். விவசாயியும் கேட்கலாம், நாமும் கேட்கலாம்.

மாணவத் தம்பிகளே, நீங்கள் நாளை எதைச் செய்தாலும், அது போய்ச் சேருகிற இடத்தில் என்ன ஆகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் குழலின் இந்தப் பக்கம் நின்று அளவு பார்த்தவன். அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று எனக்குக் காட்டியது அந்த ஒரு ஓடைக்கரைதான்.

பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாளா, தெரியாது. மூன்று நாளை இரண்டு நாளாகக் குறைத்திருப்பாள்.