இரண்டு வன்தட்டுகளும் ஒரு வெள்ளமும்

(ஊத்தங்கரையில் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, சர்வரில் ரெய்டு அமைப்பது. ‘ரெய்டு’ என்றதும் முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. இது வருமான வரித்துறை ரெய்டு இல்லை. பல வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் முறைக்குத்தான் அந்தப் பெயர்.

இது நமக்கு எதற்கு என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கேட்கலாம். எமிஸ் தளத்தில் ஏற்றுவது மாநில அளவிலான சர்வருக்குப் போய்விடுகிறது. அதில் ஏறாதவை எவ்வளவு இருக்கின்றன! ஸ்கேன் செய்த பழைய சேர்க்கைப் பதிவேடுகள், மாற்றுச் சான்றிதழ் நகல்கள், நாமே உருவாக்கிய வினா வங்கி, பாடக் காணொலிகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்த பழைய மாணவர் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்து நிற்பார். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்திருக்கும். ஸ்கேன் செய்தது இருக்கிறதா என்று கணினியைத் திறப்போம். அந்த வன்தட்டும் போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

வன்தட்டு போகத்தான் செய்யும். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தகடு அது. நம் பக்கத்து வெயில், தூசி, சொல்லாமல் போகும் மின்சாரம் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த முறைக்கு ரெய்டு என்று பெயர் வைத்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர். 1988இல் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. அன்று பெரிய கணினிகளுக்கான வன்தட்டு யானை விலை. அதற்குப் பதில் மலிவான சிறிய தட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் என்ன என்று யோசித்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 தட்டுகளைச் சேர்த்த தொகுப்பில் 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஆகவே, பழுதான தட்டில் இருந்ததை மற்ற தட்டுகளிலிருந்து மீட்க ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழியை வகுப்பிலேயே காட்டலாம். மூன்று மாணவர்களிடம் ஆளுக்கொரு எண் எழுதிய சீட்டு கொடுங்கள்: 12, 7, 20. நான்காவது மாணவியிடம் கூட்டுத்தொகை 39 இருக்கட்டும். இப்போது ஒருவரை வெளியே அனுப்புங்கள். அவர் சீட்டில் என்ன இருந்தது என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் கழித்துச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு பேர் வெளியே போனால் சொல்ல முடியாது. ரெய்டு 5 என்பது இதுதான். கணினி கூட்டலுக்குப் பதிலாக ‘எக்ஸ்-ஆர்’ செயலைப் பயன்படுத்துகிறது. அந்தக் கூடுதல் தகவலை ஒரே தட்டில் வைக்காமல் எல்லாத் தட்டுகளிலும் மாற்றி மாற்றி எழுதுகிறது. 2 டெராபைட் தட்டு மூன்று போட்டால் நமக்குக் கிடைக்கும் இடம் 4 டெராபைட். ரெய்டு 6 இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும். அதற்குக் குறைந்தது நான்கு தட்டுகள் வேண்டும்.

ரெய்டு 0 பக்கம் போகாதீர்கள். வேகம் கிடைக்கும், ஒரு தட்டு போனால் எல்லாமே போய்விடும்.

பள்ளிக்கு ரெய்டு 1 போதும் என்பது என் கருத்து. இரண்டு தட்டுகள், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். பாதி இடம் வீண் என்று சிலர் வருத்தப்படுவார்கள். ஆனால் பழுது வந்தால் புரிந்துகொள்ளவும் சரிசெய்யவும் எளிது. லினக்ஸில் ‘எம்டிஆட்ம்’ என்ற இலவச மென்பொருள் போதும். தனி அட்டை வாங்க வேண்டாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் சர்வரை அனுமதியில்லாமல் திறக்காதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் பழகுங்கள். தொகுப்பு உருவாக்கும்போது தட்டில் ஏற்கெனவே இருப்பதை இழக்க நேரிடும். முதலில் அதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள். பழுதான தட்டு என்று நினைத்து நல்ல தட்டைக் கழற்றுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது.

இரண்டு தட்டுகளையும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரே அச்சில் வந்தவை ஒன்றாகவே களைத்துப்போக வாய்ப்பு அதிகம். பழுதான தட்டை மாற்றியதும் நல்ல தட்டிலிருந்து முழுவதையும் நகலெடுக்க 2 டெராபைட்டுக்கு நான்கு மணி நேரமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் பாரம் முழுக்க அந்த ஒற்றைத் தட்டின் மேல்தான். அப்போது மின்சாரம் போகாமலிருக்க யு.பி.எஸ். நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

ரெய்டின் இன்னொரு குணம், அது சத்தம் போடாமல் பழுதாகும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஒரு தட்டு செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தது. எல்லாக் கோப்பும் வழக்கம்போல் திறந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. லினக்ஸில் ‘எம்டிஸ்டாட்’ கோப்பைத் திறந்தால் இரண்டு ‘யூ’ எழுத்துகள் தெரியும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்தத் தட்டு போய்விட்டது. திங்கள்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் இதைப் பார்ப்பது ஒரு மாணவர் பொறுப்பாக இருக்கட்டும்.

இனிதான் முக்கியமான பகுதி. ரெய்டு இருக்கிறது, இனி நகல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 2024 டிசம்பரை நம் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப் போனதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். தரைத்தளத்து அறையில் மேசைக்கு அடியில் இருக்கும் சர்வருக்குள் அந்தத் தண்ணீர் புகுந்தால், இரண்டு தட்டென்ன, ஆறு தட்டு இருந்தாலும் சேர்ந்தே மூழ்கும். வெள்ளம் வேண்டாம், ஒருவர் கைதவறி ஒரு கோப்புறையை அழித்தால் போதும். ரெய்டு 1 கீழ்ப்படிதலுள்ள மாணவன். அந்த அழிப்பையும் இரண்டாவது தட்டில் அந்த நொடியே செய்து முடித்துவிடும்.

பெரிய அரசுகளும் இதில் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ அழிந்தது. 858 டெராபைட்! கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் வைத்திருக்கவில்லை.

ஓலைச்சுவடிக் காலத்திலேயே நம்மவர்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். ஒரே நூலைப் பல ஊர்களில், பல வீடுகளில் படியெடுத்து வைத்திருந்தார்கள். உ.வே.சாமிநாதையர் அப்படிச் சிதறிக் கிடந்த ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டுத்தான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எல்லாப் பிரதிகளும் ஒரே பரணில் இருந்திருந்தால் கரையான் ஒரே விருந்தில் முடித்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. வெளியே இணைக்கும் வன்தட்டு இரண்டு போதும். வாரம் ஒருமுறை நகலெடுத்து, கேபிளைக் கழற்றி, ஒன்றைத் தலைமையாசிரியர் அறை பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். மற்றொன்று தலைமையாசிரியர் அனுமதியோடு வேறொரு கட்டடத்தில், முடிந்தால் வேறொரு பள்ளியில் இருக்கட்டும்; மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர் விவரம் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மாறுதலில் போய்விடக் கூடாது. பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.

அடுத்த அறையில் ஒரு பழைய கணினியில் இரண்டு தட்டுகளை ரெய்டு 1 ஆக இணைத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு காணொலி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் ஒருவர் வந்து, ஓடும்போதே ஒரு தட்டின் கேபிளைப் பிடுங்க வேண்டும். பயப்படாதீர்கள், பாடக் கோப்பு எதுவும் அதில் இல்லை. முதலில் யார் வருகிறீர்கள்?