புழுதியில் விதைக்கிறவர்கள்



புரட்டாசியில் நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் காடுகளைப் போய்ப் பாருங்கள். பொட்டு ஈரம் இருக்காது. அந்தக் கரிசல் புழுதியில் உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் சம்சாரி விதைத்துவிட்டு வருகிறார். ஏனென்றால் மழை விழுந்த பிறகு கரிசலுக்குள் காலும் இறங்காது, ஏரும் இறங்காது. மண் காயட்டும் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். எறும்பு இழுத்தது போக, குருவி கொத்தியது போக, மிச்சம்தான் முளைக்கும். ஒரு தூறலில் முளைவிட்டு, அடுத்த மழை தள்ளிப்போனால் அதுவும் கருகும். மறுவிதைப்புக்கு மறுபடியும் கடன்.

1901-லேயே இந்த ஊருக்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்தது. வறட்சி தாங்கும் ரகங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் மழை இன்ன தேதியில் இறங்கும் என்று யாராலும் எழுதித் தர முடியாது. 2023 டிசம்பரில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! நம் மாவட்டம் ஒரு வருடம் முழுக்கக் காண்கிற மழையைவிட அதிகம். மழைக்கு ஏங்கிய காடெல்லாம் தண்ணீரில் நின்றது.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த புரட்டாசியில் விதைப்பெட்டியைத் தூக்குகிறாரே, அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவரிடம் ஒன்று கேட்கவும் வந்திருக்கிறேன். காட்டில் இருக்கிற துணிச்சல் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போகிறது? வெள்ளாமை போனால் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? கடன் எவ்வளவு என்று கட்டிய மனைவிக்குத் தெரியாது. மகள் பரீட்சையில் தோற்றதைச் சொந்த அண்ணனிடம் மறைக்கிறோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை இல்லாத வாரங்களை எத்தனை தாய்மார்கள் அரைவயிற்றோடு, யாருக்கும் தெரியாமல் கடத்துகிறீர்கள்! இந்த மௌனம்தான் ஆளைக் கொல்கிறது. வறட்சியைவிட எனக்கு இதில்தான் பயம்.

இந்த மௌனத்தை நமக்கு முன்னே உடைத்துக் காட்டியவர் இங்கே பக்கத்தில், இடைசெவலில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கியவன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொன்ன கி. ராஜநாராயணன். அவருடைய ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. ஊருக்கு அவமானம் என்று அதை அவர் மூடி வைத்திருந்தால், நம் மக்களின் பாடு தமிழ் படிக்கிற வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? கரிசல் இலக்கியம் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதற்குள் பாதிக்குமேல் இல்லாமையும் பயமும் கண்ணீரும்தான். எழுத்தில் கொண்டாடுவதை அடுத்த வீட்டுத் திண்ணையில் சொல்ல ஏன் கூசுகிறோம்?

தம்பிகளே, இந்த ஐப்பசியில் மழை தள்ளிப்போனால் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் போய் உட்காருங்கள். “மாமா, எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லுங்கள். கேட்கிற மாமாமார்களே, எல்லாம் சரியாயிரும் என்று உடனே சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவன் பேசி முடிக்கட்டும். பிறகு, கூட்டுறவுச் சங்கத்துக் கடனுக்குத் தவணை எப்போது, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிந்தாச்சா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் மறுநாள் காலையில் கூடவே போங்கள். வீட்டில் விதை மிச்சமிருந்தால் ரெண்டு படி அளந்து கொடுத்தனுப்புங்கள்.