உங்கள் வீட்டு டார்ச் லைட் இப்போது எரியுமா?

(நமது காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ‘பி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மழை பெய்த ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. நினைவிருக்கும். அன்று எங்கள் மாடியில் ஒரு பெரியவருக்கு மூச்சுத்திணறல். லிஃப்ட் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்கி இறக்கினோம். ஆறு வீட்டிலும் டார்ச் லைட் இருந்தது. எரிந்தவை இரண்டுதான். பெரியவர் நலமாகத் திரும்பிவிட்டார். அதனால்தான் இதைச் சிரித்த முகத்தோடு பேச முடிகிறது.

மறுநாள் பலரும் கேட்டார்கள்: “சார், பேசாம எவரெடியே வாங்கிடலாமா? அந்தக் காலத்துல நல்லா உழைச்சதே!”

நான் திருச்சுழிப் பக்கம் பிறந்து மதுரைக்குக் குடிவந்தவன். எங்கள் ஊரில் அதற்குப் பேர் பேட்டரி லைட்டு. செல்லுக்குப் பேர் கட்டை. மூணு கட்டை லைட்டு வைத்திருந்தால் வசதியான வீடு. பம்பு செட்டுக்கு மும்முனை கரண்ட் முறைவைத்துத்தான் வரும். ராத்திரி முறை என்றால் நடுச்சாமத்தில் வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட வேண்டும். சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் உள்ள காட்டுப்பாதை. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. லைட்டை நம்பித்தான் கால் எடுத்துவைக்க வேண்டும்.

அப்பாவிடம் இருந்தது எவரெடியின் ‘ஜீவன் சாத்தி’ பித்தளை லைட்டு. அந்தப் பெயருக்கு வாழ்க்கைத் துணை என்று பொருள். அப்படித்தான் உழைத்தது. காரணம் எளிது. பித்தளை உடம்பு, ஒரு சுவிட்சு, ஒரு பல்பு, ஒரு ஸ்பிரிங். எது கெட்டாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆக, பெயருக்குத் தகுந்த பொருள்தான்.

ஆனால் பாதிப் பெருமை அப்பாவுக்கு உரியது. வேலை இல்லாத நாட்களில் கட்டைகளைக் கழற்றி வைப்பார். அடிமூடிக்குள் ஒரு உபரி பல்பு எப்போதும் இருக்கும். ஸ்பிரிங்கை அவ்வப்போது உப்புத்தாளால் தேய்ப்பார்.

கம்பெனிப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவரெடி 1905இல் இறக்குமதிப் பொருளாக இந்தியாவுக்கு வந்தது. பிறகு லக்னோவில் டார்ச்சும் நம் திருவொற்றியூரில் பேட்டரியும் தயாரானது. அதைத் தயாரித்தது யூனியன் கார்பைடு இந்தியா. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தது அதே நிறுவனத்தின் ஆலையில்தான். 1994இல் நிறுவனம் கைமாறி, பின்னர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. ஒரு பொருள் நன்றாக உழைத்ததற்காக அதன் பெயரைக் கண்ணை மூடி நம்பக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நம் மாடிக்கு வருவோம். எரியாத நான்கும் வேறு வேறு கம்பெனி. மூன்றில் செல் கசிந்து ஸ்பிரிங் அரித்திருந்தது. சாதாரண செல்லின் உள்கூடு துத்தநாகம். மின்சாரம் எடுக்க எடுக்க அந்தத் துத்தநாகமே கரையும். மறந்து உள்ளேயே விட்டால் ஓட்டை விழுந்து கசியும். எந்தக் கம்பெனியின் சாதாரண செல்லுக்கும் இதுதான் குணம். நான்காவது சார்ஜ் லைட். வாங்கிய பிறகு ஒருமுறைகூடச் சார்ஜ் போடவில்லையாம்!

பழைய குண்டு பல்பு மஞ்சளாக மங்கி, செல் தீரப்போவதை முன்கூட்டியே சொல்லும். இன்றைய எல்.இ.டி. லைட்டுகள் சில கடைசிவரை பளிச்சென்று எரிந்து சட்டென்று அணைந்துவிடும். ஆகவே நாம்தான் கவனிக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி லைட் வாங்கினாலும் நான்கு காரியம் செய்யுங்கள். புதுச் செல்லையும் பழைய செல்லையும் கலந்து போடாதீர்கள். அடிக்கடி பயன்படுத்தாத லைட்டில் செல்லைக் கழற்றி, அதன் பக்கத்திலேயே வையுங்கள். சார்ஜ் லைட்டுக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். இருட்டில் கை நீட்டினால் கிடைக்கும் ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம் அல்லவா? அன்றைக்கே லைட்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் தடவையாக, இன்று வீட்டுக்குப் போனதும்.