காடும் நம்ம பயமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது)



மழைக்கு முன்னாடி மரக்கன்னு நடப் போறோம், வறட்சியைத் தாங்குற மரங்களைப் பத்திப் பேசுங்கன்னு என்கிட்ட சொன்னாங்க. மரத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆனா போன மாசக் கூட்டத்துல நடந்ததை முதல்ல சொல்லிடணும். அரப்புத் தழை பறிக்கக் காட்டுக்குப் போகலை, அதனால தவணை கட்ட முடியலைன்னு ஒரு உறுப்பினர் சொன்னாங்க. ஏம்மா போகலைன்னு கேட்டதுக்கு, "தனியா போக பயமா இருக்குதுக்கா"ன்னாங்க. நம்மள்ல சில பேரு சிரிச்சோம். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சிக்கிச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னா, நானும் ஒரு காலத்துல அப்படிப் பயந்து ஓடி வந்தவதான்.

1997 வாக்குல இருக்கும். எங்க குழு ஆரம்பிச்ச புதுசு. பென்னாகரம் பக்கத்துக் காட்டுல அரப்பு பறிக்க எப்பவும் நாத்தனாரோட போவேன். அன்னைக்கு அவங்களுக்குக் காய்ச்சல். கடன் தவணைக்கு ரெண்டே நாள் இருந்தது. சரின்னு தனியா கிளம்பிட்டேன். மேல ஏறும்போது ஒண்ணும் தெரியலை. மத்தியானம் ஒரு பாறை மேல ஆச்சா மரத்தடியில உக்காந்து களி உருண்டையைப் பிரிச்சேன். அதுவரைக்கும் கத்திக்கிட்டு இருந்த குருவிங்க எல்லாம் ஒரே நேரத்துல அடங்கிப் போச்சு. கீழ மூங்கில் பக்கம் 'பட்'டுன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்லை. சத்தம் வந்ததை விட, வராம நின்னதுதான் என்னை ஆட்டிடுச்சு. என் மூச்சு எனக்கே கேட்டது. எவ்வளவு நேரம் அந்த மரத்தோட ஒட்டிக்கிட்டு நின்னேனோ தெரியாது. அப்புறம் தழைக் கட்டு, அரிவாள், தூக்குப் போசி எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே ஓட்டமா இறங்கி வந்துட்டேன். யானையா, காத்தா, ஆடு மேய்க்கிறவரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வீட்டுல மாமியார் கேட்டாங்க. தலைவலின்னு சொன்னேன். பயந்துட்டேன்னு சொல்ல வெக்கம்!

மறுநாள் அரிவாளைத் தேடி நாத்தனார் மகனோட போனேன். அப்பதான் அந்த மரத்தை ஒழுங்கா பார்த்தேன். மண்ணே இல்லாத பாறை வெடிப்புல நிக்குது. மாட்டுக் குளம்பு மாதிரி ரெண்டு ரெண்டா சேர்ந்த இலை. நம்ம பெரியவங்க இதோட பட்டையில கயிறு திரிச்சிருக்காங்க, தழையை மாட்டுக்குப் போட்டிருக்காங்க. இந்தியாவுல கிடைக்கிற மரங்கள்லேயே ரொம்பக் கனமான கட்டைகள்ல இதுவும் ஒண்ணு. ஆச்சா விதை முளைச்சதும் மேல வளர அவசரப்படாது. வேரைத்தான் முதல்ல ஆழமா இறக்கும். கோடையில மேல இருக்கிற தண்டு காய்ஞ்சி செத்தே போகும். மழை வந்தா வேர்ல இருந்து மறுபடி துளிர்க்கும். இப்படிச் சில வருஷம் செத்துச் செத்துப் பொழைச்சிட்டுத்தான் மரமா நிமிரும். காய்ஞ்ச கன்னைப் பார்த்து "போச்சு"ன்னு பிடுங்கிப் போடுறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. இந்தத் தடவை கொஞ்சம் பொறுங்க.

நம்ம அரப்பு, அதான் உசிலை மரம், அது வேற மாதிரி. வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதனாலதான் இத்தனை வருஷமா தலைக்குத் தேய்க்கிறோம், சந்தைக்குக் கொண்டு போறோம், இன்னும் காட்டுல நிக்குது. அதுக்காக வருஷம் பூரா மொட்டை அடிச்சா எந்த மரமும் தாங்காது. தாங்குது தாங்குதுன்னு சொல்லியே மேல மேல வெட்டுறது மனுஷ புத்தி. நம்ம வீடுகள்ல நமக்கும் அதுதானே நடக்குது.

சந்தன மரம் உங்களுக்குத் தெரியும். சித்தேரி மலையில ஒரு காலத்துல அவ்வளவு இருந்தது. அதோட ரகசியம் நிறைய பேருக்குத் தெரியாது. சந்தனக் கன்னு முளைச்சுக் கொஞ்ச நாள்தான் தானா நிக்கும். அதுக்கப்புறம் அதோட வேர் மண்ணுக்குள்ள பக்கத்துச் செடியோட வேரைத் தேடிப் போய்ப் பிடிச்சிக்கும். தண்ணியும் சத்தும் அங்க இருந்து வரணும். அதனாலதான் நாத்துப் பண்ணையில சந்தனக் கன்னு பக்கத்துல துவரையை வைக்கிறாங்க. துணை இல்லைன்னா தேறாது. அவ்வளவு விலை போற மரத்துக்கே துணை வேணும்னா, அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?

காட்டுல பயம்னா யானை மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. எங்க காலத்துல வீரப்பன் பயம் இருந்தது. 2004 அக்டோபர்ல நம்ம பாப்பாரப்பட்டி பக்கத்துலதான் அது முடிஞ்சது. அதுவரைக்கும் விறகுக்குப் போனாக்கூட யாருக்குச் சோறு கொண்டு போறேன்னு கேள்வி வரும். சீருடைக்காரங்களைப் பார்த்தாலும் பயம். வாச்சாத்தியை மறக்க முடியுமா? 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆளுங்க அந்த ஊருக்குள்ள புகுந்தாங்க. 18 பொண்ணுங்களுக்கு நடந்த கொடுமையை நான் இங்க விவரிக்கப் போறதில்லை. அந்தப் பொண்ணுங்க வாயை மூடிக்கிட்டு இருக்கலை. 19 வருஷம் அலைஞ்சாங்க. 2011 செப்டம்பர் 29-ல தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை குடுத்தது. 2023-ல சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. அவங்களும் தனித்தனியா நிக்கலை. ஊரே சேர்ந்து நின்னது, மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்னது.

சரி, யானைக்கு வருவோம். 2014-ல காவிரி வடக்கு, 2022-ல காவிரி தெற்குன்னு நம்ம பக்கத்துக் காடுகளைச் சரணாலயமா அறிவிச்சிட்டாங்க. யானை வர்ற தடம் அது, வரத்தான் செய்யும். பட்டை உரிச்ச மரம், முறிச்ச கிளை, ஈரம் காயாத சாணி இதெல்லாம் கண்ணுல பட்டா அதுக்கு மேல ஒரு அடி வைக்காதீங்க. யானைக்குக் கண்ணு சுமார்தான், மூக்குதான் கூர்மை. விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும் வேண்டாம். கும்பலா பேசிக்கிட்டே போங்க, சத்தம் கேட்டா அது பாட்டுக்கு ஒதுங்கிப் போக வழி இருக்கும். யானையைப் பார்த்துட்டா செல்போன்ல படம் எடுக்க நிக்காதீங்க, சின்னப் பொண்ணுங்களுக்குத்தான் சொல்றேன். ஒதுங்கப் போறதுக்குக்கூட இருட்டுல தனியா காட்டோரம் போறவங்க இன்னும் இருக்காங்க. கழிப்பறை கட்டியும் தண்ணி இல்லாம பூட்டி வெச்சிருக்கிற ஊருங்க இருக்கு. அதை இன்னைக்குத் தீர்மானத்துல சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன்.

இன்னொரு சேதி. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்துல, மலைவாழ் மக்களுக்கும் பரம்பரையா காட்டை நம்பி வாழுறவங்களுக்கும் சிறு வனப் பொருள் எடுக்க உரிமை உண்டு. அதைக் கிராம சபையில மனு குடுத்துத்தான் கேக்கணும். மனு குடுக்காத ஊருங்க கைய தூக்குங்க... பாருங்க, இவ்வளவு பேர்! உரிமைக் காகிதம் இல்லாம ஒளிஞ்சி ஒளிஞ்சி போறதுனாலதான் தனியா போறோம், ஆளுக்கொரு பக்கமா ஓடுறோம்.

நான் ஓடி வந்த கதையை நாலு மாசம் கழிச்சுத்தான் குழுவுல வாய் தவறிச் சொன்னேன். சொன்னதும் இன்னும் மூணு பேரு, எனக்கும் அப்படித்தான்னாங்க. ஒருத்தி ஒரு வருஷமா மனசுக்குள்ளேயே வெச்சிருந்திருக்கா. அதுல இருந்து எங்க குழுவுல நாலு பேருக்குக் குறைஞ்சு போறதில்லை. யாரு போறாங்க, எந்தப் பக்கம், எப்ப திரும்புவாங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் போவோம். வர்ற வருமானத்தைப் பங்கு போடுறதுல சண்டை வந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கட்டுக் கணக்குல பங்குன்னு எழுதி வெச்சதும் அடங்கிச்சு.

போன மாசம் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. அந்தப் பொண்ணு இங்கதான் பின்னாடி உக்காந்திருக்கு. தப்பா எடுத்துக்காதம்மா. வர்ற புதன்கிழமை அரப்புக்கு நாங்க மூணு பேர் போறோம். எட்டு மணிக்கு மேலதான் கிளம்புவோம். நீ வந்தா நாலு. வேற யாராவது வர்றதா இருந்தா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேரு குடுங்க. தண்ணி அவங்கவங்க கொண்டு வந்துடுங்க, மேல சுனை வத்திப் போச்சு.