கணனிக்கு உள்ளேயா, வெளியேயா?

(எமது சங்க ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஏ.எல். வரைக்கும்தான் படிச்சனான். கணனியில் பட்டம் ஒன்றும் இல்லை. கிழமையில் ஐந்து நாள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறவன். ஆனாலும் எங்கட ஆக்கள் கனபேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கினம்: "தம்பி, வீட்டில் கிடக்கிற டிவிடி எல்லாம் கொப்பி எடுக்க வேணும். கணனிக்கு உள்ளுக்குப் பூட்டுற டிரைவ் வாங்கிறதோ, வெளியில் வயரில் கொழுவுறது வாங்கிறதோ?" அதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் அண்ணை கேட்டவர்.

இந்தக் காலத்தில் ஆர் டிவிடி எரிக்கிறது என்று இளம் பிள்ளைகள் சிரிப்பினம். (எரிக்கிறது என்ற சொல் எனக்கும் பிடிக்கிறதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தது ஏறக்குறைய 97,000 புத்தகம். அதனால் நான் எழுதுறது என்றே சொல்லுறன்.) ஆனால் எங்கள் அலுமாரி மேல்தட்டில் இருப்பது என்ன? சமாதான காலத்தில் நடந்த கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாம் வட்டில்தான் வந்து சேர்ந்தது. பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் கணனியில் ஏற்றி வைக்கிறது. எங்கட வீட்டு வட்டை நாங்கள்தான் பார்க்க வேணும். கணனியில் எழுதிய டிவிடியில் படம் பதிவது ஒரு மெல்லிய சாயப் படையில். வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் அது கெடும். ஒக்லண்ட் ஈரம் உங்களுக்குத் தெரியும், குளிர்காலத்தில் அலுமாரிக்குள் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்குது.

மவுண்ட் ரொஸ்கிலில் இருக்கிற ஒரு அம்மா 2004இல் கிளிநொச்சியில் நடந்த மகனின் கலியாண வட்டைக் கொண்டு வந்தா. அந்த மகன் 2009க்குப் பிறகு இல்லை. அவர் நடந்து, சிரித்து, கதைக்கிற படம் வேறு எங்கும் இல்லை. என் மடிக்கணனியில் கொழுவிய மெல்லிய டிரைவில் போட்டேன். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே படம் நின்று விட்டது. துடைத்துப் போட்டும் அதே இடம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வட்டு உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தா. பிறகு ஒப் ஷொப்பில் வாங்கிய பழைய மேசைக் கணனியில், உள்ளுக்குப் பூட்டியிருந்த முழு அளவு டிரைவில் போட்டேன். மெதுவாக, முக்கி முக்கி, கடைசி வரை வாசித்து விட்டது. உள் டிரைவ் எல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு டிரைவ் வாசிக்காத வட்டை இன்னொன்று வாசிக்கும். ஒன்றில் நின்றவுடன் வட்டை எறிந்து விடாதேங்கோ.

இனி இணைப்புக்கு வருவோம். வெளியில் கொழுவுறது மெதுவு, வட்டைப் பழுதாக்கும் என்பது பழைய பயம். 1990களில் அது நியாயம். அப்போதைய யூஎஸ்பி விநாடிக்கு 12 மெகாபிட்தான். எழுதும்போது தரவு ஒரு கணம் தடைப்பட்டாலும் வட்டு பாழ். பிறகு தரவு வரும் வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பம் வந்தது. யூஎஸ்பி 2.0 இன் வேகம் 480 மெகாபிட். டிவிடியை 8 மடங்கு வேகத்தில் எழுதத் தேவை அண்ணளவாக 90 மெகாபிட். ஆகவே வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது மின்சாரத்துக்கு. மெல்லிய டிரைவ் தன் மோட்டருக்கும் லேசருக்கும் வேண்டிய மின்சாரத்தை அந்த ஒரே வயரால்தான் எடுக்குது. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி அம்பியர், 3.0 தருவது 900. நான் முதலில் செய்த பிழை இதுதான். தனி மின்சாரம் இல்லாத, நாலு துளையுள்ள பெட்டியில் மவுஸோடும் கீபோர்ட்டோடும் சேர்த்து, நீட்டு வயரும் போட்டுக் கொழுவினேன். மூன்று வட்டு பாதியில் நின்றது. அந்த மூன்றும் இப்ப எங்கட தக்காளிக் கண்டுகளுக்கு மேலே குருவி கலைக்கத் தொங்குது. டிரைவோடு வந்த கட்டை வயரால், கணனியின் துளையிலேயே நேரே கொழுவுங்கோ. இரண்டு தலை உள்ள வயர் வந்தால் இரண்டையும் கொழுவுங்கோ.

உள்ளுக்குப் பூட்டுற டிரைவுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. கணனிக்குள் இருக்கும் பவர் பெட்டியே 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கொடுக்கும். 16 மடங்கு வேகத்தில் எழுதும். ஆனால் முன்பக்கம் அதற்கு இடம் விட்ட மேசைக் கணனி வேணும். இப்ப வருகிற பெட்டிகள் பலதில் அந்த இடமே இல்லை. ட்ரேட் மீயில் பழையது வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கோ. அகலமான, 40 ஊசி உள்ளது பழைய ஐடிஈ, புதுக் கணனியில் பூட்ட முடியாது. ஒடுக்கமான சாட்டா இணைப்பு உள்ளதுதான் வேணும். பூட்ட முன் சுவரில் பிளக்கைக் கழற்றுங்கோ.

என் அபிப்பிராயம்: பத்து, இருபது வட்டு உள்ள வீட்டுக்கு வெளி டிரைவ் போதும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். உள்ளுக்குப் பூட்டினதைக் கையில் கொண்டு திரிய ஏலாது. பெட்டி கணக்கில் வட்டு வைத்திருப்பவர், மேசைக் கணனியும் இருந்தால் உள் டிரைவ் வாங்கலாம். சங்கத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. முழு அளவு டிரைவ் ஒன்றைத் தனி மின்சாரம் உள்ள வெளிக் கூட்டில் போட்டு யூஎஸ்பியில் கொழுவுவது. மடிக்கணனி ஹார்ட் டிஸ்க்குக்கு விற்கிற வெறும் வயர் இதற்குச் சரிவராது, 12 வோல்ட் வராது.

எதை வாங்கினாலும் ஆகக்கூடிய வேகத்தில் எழுதாதேங்கோ. எழுதி முடிய, சரிபார்க்கிற கட்டளையைக் கொடுங்கோ. ஒரு பிரதி உங்கள் வீட்டில், ஒன்று வேறு வீட்டில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில். அதிகம் தள்ளிப்போடவும் ஏலாது. வீடியோ டெக் செய்வதைக் கடைசியாக ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்தியது. எழுதக்கூடிய புளூ ரே வட்டுச் செய்வதை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது.

அந்த அம்மாவுக்கு நாலு பிரதி எழுதிக் கொடுத்தேன். ஒன்று கனடாவில் மருமகளிடம் போய்ச் சேர்ந்து விட்டதாம்.

பின்னுக்கு உள்ள மேசையில் என் இரண்டு டிரைவும் இருக்குது. தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. வட்டு கொண்டு வந்தவர்கள் பளபளக்கிற பக்கத்தில் விரல் படாமல், ஓரத்தில் பிடிச்சுத் தாங்கோ.